கையெழுத்துப் போட்டால் பயிற்சி கொடுத்ததாகிவிடுமா?

கேள்வி: ஐயா, பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது வருடமாக மருந்தடிக்கிறேன். இப்போது சம்பளம் கொடுப்பது குத்தகையாளர். மூன்று மாதத்துக்கு முன் மருந்தை மாற்றிவிட்டார்கள். என்ன மருந்து என்று கேட்டால், "நீலப் பட்டை மருந்துதான், பயமில்லை, பம்புக்கு ரெண்டு மூடி ஊத்து" என்கிறார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். எங்கள் கைக்கு அது பழைய மினரல் வாட்டர் போத்தலில்தான் வருகிறது. கழுத்திலும் கையிலும் கொப்பளம், கண் எரிச்சல். கண்ணாடி கேட்டால் 35 ரிங்கிட் சம்பளத்தில் பிடிப்பார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு மலாய்த் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பயிற்சி பெற்றேன் என்று அதில் எழுதியிருக்கிறதாம். எனக்கு மலாய் படிக்க வராது. மருந்தடிக்க மாட்டேன் என்று சொல்லலாமா? வேலையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அதைப் போட்டுவிட்டோமே என்றுதான் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தத் தாள் நீங்கள் பெரட்டில் நின்றதற்குச் சாட்சி, அவ்வளவுதான். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 15-ஆவது பிரிவில், தகவல், விளக்கம், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் முதலாளியின் கடமையாக வைக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த ரசாயன விதிமுறைகள், இந்த ரசாயனத்தால் உடம்புக்கு என்ன கேடு, அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. புரியாத மொழியில் ஒரு தாளை நீட்டினால் என்ன தெரிந்துவிடும்? யார் சொல்லிக் கொடுத்தார், எத்தனை மணி நேரம், எந்த மருந்தைப் பற்றி, எந்த மொழியில் என்று கேட்டாலே அந்தத் தாள் ஆட்டம் காணும்.

பழைய பயிற்சியே போதும் என்றும் சொல்வார்கள். போதாது. பயிற்சித் திட்டத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபார்வை செய்ய வேண்டும். வேலை முறையோ ஆபத்து பற்றிய தகவலோ மாறினால் அதற்கு முன்பே செய்ய வேண்டும். முன்பு அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் முழுவதும் தடையாகிவிட்டது. அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட கவனத்தை வைத்துக்கொண்டு இன்றைய மருந்தைக் கையாள முடியாது. பூச்சிமருந்துச் சட்டத்தில் அடங்கும் எந்த மருந்தும், களைக்கொல்லி உட்பட, இந்த விதிமுறைகளுக்குள் வரும். ஆகவே தோட்டத்துக்கு இது பொருந்தாது என்று யாரும் தப்ப முடியாது.

லேபிளில் நீலப் பட்டை என்றால் நச்சு அளவில் மூன்றாம் வகுப்பு. கறுப்பு, சிவப்பு, மஞ்சளை விட நச்சுக் கடுமை குறைவு என்பதுதான் அதன் பொருள். கண்ணுக்கும் தோலுக்கும் ஒன்றும் ஆகாது என்று பொருளில்லை. அதிலும் பெரிய ஆபத்து, தண்ணீர் கலந்து அடிக்கும்போது அல்ல, கெட்டி மருந்தை ஊற்றிக் கலக்கும்போதுதான். நீங்கள் இரண்டு மூடி அளக்கும் அந்த நேரத்தில் கண்ணாடியும் ரசாயனம் ஊறாத கையுறையும் இல்லாமல் இருக்கவே கூடாது. துணிக் கையுறை வேண்டாம்; ஊறிவிட்டால் மருந்தைத் தோலோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடும். எந்தக் கையுறை என்பது, மருந்தின் ஆபத்தையும் தற்காப்பையும் விளக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 8-ஆவது பகுதியில் இருக்கும், முதலுதவி 4-ஆவது பகுதியில். அந்தத் தாளை மருந்து கையாளும் இடத்துக்குப் பக்கத்திலேயே, நீங்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைப்பது கணக்கில் வராது. லேபிள் இல்லாத தண்ணீர் போத்தலில் மருந்து கொடுப்பது தனிக் குற்றம். வீட்டுக்கு எடுத்துப் போனால் பிள்ளைகள் குடித்துவிடும் அபாயமும் உண்டு, தயவுசெய்து கொண்டு போகாதீர்கள்.

கண்ணாடிக்கு 35 ரிங்கிட் பிடிக்க முடியாது. அந்த 1994 சட்டப்படி கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 26-ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. ஏற்கெனவே பிடித்திருந்தால் சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள்.

மருந்தடிக்க மறுப்பதில் மட்டும் நிதானம் வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கவும் இல்லையென்றால், வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தருகிறது. கண்ணாடி, கையுறை இல்லாமல் கெட்டி மருந்தைக் கலக்கச் சொன்னால் இதை வைத்து வாதாடலாம். பயிற்சி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, யாரிடமும் சொல்லாமல் நாள்கணக்கில் வேலைக்குப் போகாவிட்டால் 'வராமல் நின்றார்' என்று எழுதிவிடுவார்கள். ஆகவே முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும், குத்தகையாளருக்கும் தோட்ட மேனேஜருக்கும் ஒன்றாக: "புது மருந்தின் பெயரும் பாதுகாப்புத் தாளும் வேண்டும். தமிழில் பயிற்சி வேண்டும். கண்ணாடி, கையுறை வேண்டும். இவை இல்லாமல் மருந்து கலக்க முடியாது, வேறு வேலை கொடுங்கள், செய்கிறேன்." கடைசி வரிதான் உங்களைக் காக்கும். குத்தகை ஆள் என்று மேனேஜர் கைகழுவ முடியாது. வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் இப்போது கடமை உண்டு.

ஸ்டோரில் உள்ள மூல டப்பாவின் லேபிளைப் படம் எடுங்கள். மருந்தின் பெயர், அதில் கலந்துள்ள சத்து, பதிவு எண் மூன்றும் தெரிய வேண்டும். அதைக் காட்டாமல் கிளினிக் போனால் 'அலர்ஜி' என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலையால் வந்தது என்று டாக்டரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்; சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் வைக்கும் கோரிக்கைக்கு அதுதான் அடித்தளம். சில வகைப் பூச்சிமருந்துகளின் பாதிப்பைக் காட்டும் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை எல்லா மருந்துக்கும் பொருந்தாது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடித்தவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. 'ரத்தம் நன்றாக இருக்கிறது' என்பதை வைத்து உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள்.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், படங்களையும் செய்தியையும் சேர்த்து ஈப்போவில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவில், அதாவது ஜே.கே.கே.பி.யில், புகார் கொடுங்கள். சங்க உறுப்பினர் என்றால் சங்கத்தையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். 15-ஆவது பிரிவை மீறினால் 5,00,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

புகார் செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதையும் நிலையைக் கீழே இறக்குவதையும் 27-ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படியும் நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். சமரசம் பேசுகிறோம், பொறுங்கள் என்று இழுத்தடிப்பார்கள். பேச்சு நடக்கட்டும், மனு முதலில் போகட்டும். 61-ஆவது நாள் போனால் வாங்க மாட்டார்கள்.