அலாரத்தைக் குறையுங்கள்: தெளிவுக் கனவு கேள்வி-பதில்

கனவு காணும்போதே இது கனவு என்று உணர்வதுதான் தெளிவுக் கனவு. அதைப் பழக விரும்பி இம்முறை வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே குறை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்று எழுதவே இல்லை. அந்த இரண்டும் இல்லாத கடிதத்துக்கு உருப்படியான பதில் எழுத முடியாது.

எனக்குக் கனவே வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது? (ஹட்டன்)

கனவு வருகிறது, நினைவில் நிற்பதில்லை. கனவு அதிகம் வரும் ரெம் (REM) தூக்கம் ஓர் இரவில் நான்கைந்து தடவை எல்லோருக்கும் வரும். தலைமாட்டில் ஒரு கொப்பியும் பென்சிலும் வையுங்கள். விழிப்பு வந்ததும் அசையாதீர்கள், கண்ணையும் திறக்காதீர்கள். புரண்டு படுத்தாலே பாதி போய்விடும். கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு எழுதுங்கள்: இடம், ஆட்கள், பயமா சந்தோசமா, எது விசித்திரமாக இருந்தது. ஒன்றும் நினைவில்லாத நாளிலும் திகதி போட்டு "ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டும். கிழமைக்கு ஐந்தாறு கனவு கொப்பியில் ஏறும்வரை வேறு எந்த உத்திக்கும் போகாதீர்கள்.

கனவா நிஜமா என்று சோதிக்க ஒரு நாளைக்கு 40 தடவை மூக்கைப் பொத்திப் பார்க்கிறேன். பலனில்லை. (தலவாக்கலை)

யோசிக்காமல் 40 தடவை செய்தால் கனவிலும் யோசிக்காமல்தான் செய்வீர்கள். 10 போதும். முதலில் "இங்கே எப்படி வந்தேன், கொஞ்சம் முன்னால் எங்கே இருந்தேன்?" என்று நிஜமாகவே சந்தேகப்படுங்கள். அதன்பிறகு வாயை மூடி, மூக்கைப் பொத்தி, மூச்சை இழுத்துப் பாருங்கள். கனவென்றால் மூச்சு பெரும்பாலும் தாராளமாகப் போகும். அடுத்து ஒரு பெயர்ப்பலகையை வாசித்து, கண்ணை எடுத்து, மறுபடி வாசியுங்கள். கனவில் எழுத்து மாறிவிடும். ஒரே சோதனையை நம்பாமல் இரண்டையும் செய்யுங்கள். நேரத்தை உங்கள் கொப்பி சொல்லட்டும். கனவில் அடிக்கடி பஸ் வந்தால், பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் சோதியுங்கள்.

முயற்சி செய்தேன், வரவில்லை. ஏன்? (ஊர் எழுதவில்லை)

என்ன முயற்சி, எத்தனை நாள், எத்தனை மணிநேரத் தூக்கம்? இவற்றை எழுதி அனுப்புங்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். வீடியோவில் சொன்னபடி தினமும் 2, 3.30, 5 மணிக்கு அலாரம் வைக்கிறேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் தூங்கிவிழுகிறேன். (பண்டாரவளை)

இன்றிரவே நிறுத்துங்கள். இந்த அலாரப் பைத்தியத்தைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் அதே கடிதம் திரும்ப வருகிறது.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், ரெம் பத்து நிமிடம் இருந்தால் பெரிது. விடியலை நெருங்க நெருங்க அது அரை மணி, அதற்கு மேலும் நீளும். 11 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழும்பினால் ஆழ்ந்த தூக்கம்தான் கெடும், கனவு கிடைக்காது. 3.30, 5 என்று தொடர்ந்து உடைத்தால், ரெம் நீளும் நேரமும் துண்டுதுண்டாகிவிடும். அடுத்த இரவு உடம்பு முதலில் ஆழ்ந்த தூக்கக் கடனைத்தான் அடைக்கும். படித்த பாடம் மனதில் பதிவதும் இந்தத் தூக்கத்தில்தான். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

சரியான முறை இது. கிழமைக்கு ஓர் இரவு, அதிகம் போனால் இரண்டு. மறுநாள் விடுமுறையாக இருக்க வேண்டும். 9.30க்குப் படுத்து, 2.30 அளவில் ஒரே ஒரு அலாரம். நுவரெலியா, பண்டாரவளைக் குளிரில் தரையில் கால் வைத்தால் தூக்கம் ஓடிவிடும். அதனால் கம்பளியோடு படுக்கையிலேயே 10, 15 நிமிடம் உட்காருங்கள். போன் வெளிச்சம் வேண்டாம். கண்ட கனவை நினைத்து, அதில் எது கனவென்று காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். "அடுத்த கனவில், இது கனவு என்பது எனக்கு ஞாபகம் வரும்" என்று சொல்லியபடி, அதே கனவுக்குள் நீங்கள் கண்டுகொள்வதைக் கற்பனை செய்து தூங்குங்கள். இதுதான் மைல்ட் (MILD) என்ற உத்தி. 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் இதைப் பகல் சோதனைகளோடு சேர்த்துச் செய்தவர்களுக்கு ஏறத்தாழ ஆறு இரவுக்கு ஒன்று பலித்தது. மைல்ட் முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்குக் கிட்டத்தட்ட பாதி. ஆகவே தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு நெடுநேரம் முணுமுணுப்பதில் பயனில்லை.

விடியற்காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, தோட்டத்தில் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகும் பெண்களும் எழுதுகிறார்கள். உங்களுக்கும் அதேதான்: போயா அல்லது ஞாயிறுக்கு முந்திய இரவு மட்டும். தூக்கம் குறைந்த உடம்போடு செங்குத்து மலையில் கொழுந்து எடுப்பது ஆபத்து.

கண் விழித்தும் உடம்பு அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்தமாதிரி இருந்தது. அமுக்குவான் பேயா? (மஸ்கெலியா)

இல்லை. ரெம் தூக்கத்தில் தசைகள் கட்டுப்பட்டிருக்கும். அந்தக் கட்டு அவிழ்வதற்குள் மனம் விழித்துவிட்டது. சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடங்களில் விடும். போராடாமல் மூச்சை மெதுவாக விட்டு, ஒரு கால்விரலை அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுப்பதும் தூக்கக் குறைவும் இதைக் கூட்டும். விழித்த நிலையிலிருந்து நேரே கனவுக்குள் இறங்கும் வைல்ட் முறையில் இது அடிக்கடி வருவதால்தான் புதியவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

கனவென்று தெரிந்த மறுகணமே விழித்துவிடுகிறேன். (நானுஓயா)

சந்தோசத்தில் துள்ளுகிறீர்கள். கனவிலேயே இரண்டு உள்ளங்கைகளையும் தேயுங்கள், சுவரையோ தரையையோ தொட்டுப் பாருங்கள். கனவு மங்கினால் நின்ற இடத்தில் சுற்றுங்கள். பறக்கும் ஆசையை முதல் சில தடவை ஒத்திவையுங்கள்.

இதெல்லாம் கட்டுக்கதை என்கிறார் ஆசிரியர். (கண்டி)

1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கீத் ஹெர்ன், தூங்கிக்கொண்டிருந்த அலன் வொர்ஸ்லி முன்பே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்தே கண்ணை இடமும் வலமும் அசைத்ததைக் கருவியில் பதிவு செய்தார். சில வருடங்களில் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபேர்ஜும் தனியாக அதையே நிரூபித்தார்.

தெளிவுக் கனவுக்கு உதவும் என்கிறார்களே, கலன்டமைன் வில்லை வாங்கலாமா? (பதுளை)

வேண்டாம். அது மறதிநோய்க்குக் கொடுக்கும் மருந்து, வயிற்றையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை 7 மணிக்குத்தான் படுக்கை. (கொட்டகலை)

காலையில் ரெம் சீக்கிரமே வந்துவிடும், ஆகவே உங்களுக்கு அலாரம் தேவையில்லை. ஜன்னலை இருட்டாக்கி, படுக்கும்போதே மைல்ட் செய்யுங்கள். கடைசி பிளேன் டீயைப் படுக்கைக்கு ஆறு மணிநேரம் முன்னால் முடித்துவிடுங்கள். சாராயம் குடித்துப் படுத்தால் ரெம் தள்ளிப்போகும். ஷிப்ட் மாறும் கிழமையில் பயிற்சியே வேண்டாம்.

அக்கா மனநலச் சிகிச்சையில் இருக்கிறார். அவரும் பழகலாமா? (ஹப்புத்தளை)

அவருடைய டொக்டரைக் கேட்காமல் கூடாது. நிஜத்தையும் கனவையும் பிரிப்பதில் சிரமப்பட்டவர்களுக்கு இந்தச் சோதனைகளே குழப்பத்தைக் கூட்டலாம். சில மனச்சோர்வு மருந்துகள் ரெம் தூக்கத்தைக் குறைக்கும். அதற்காக ஒரு நாள்கூட மருந்தை நிறுத்தக் கூடாது.