ஏற்றத்தில் மட்டும் மோட்டார் நிற்கிறதா? பற்றரியைப் பாருங்கள்

உங்கள் மின்சைக்கிளின் மோட்டார் எரியவில்லை, கழற்ற வேண்டாம். திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசல் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது நிற்கிறது, சற்று நேரம் விட்டு சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, சமமான உப்புவெளி வீதியில் பிரச்சினையே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் பற்றரி தாக்குப்பிடிக்கவில்லை.

350 வாட் மோட்டார் 36 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஏற்றத்தில் அதற்கும் மேல். நீங்கள் பூட்டியிருப்பது யூபிஎஸ்ஸில் வரும் சிறிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி மூன்று. அவ்வளவு சுமையில் வோல்ட் சரிந்து, பெரும்பாலும் 31 அளவில் கொன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தானாகவே நிறுத்திவிடும். சுமை போனதும் வோல்ட் ஏறும், மறுபடி ஓடும்.

முழுதாய் சார்ஜ் செய்துவிட்டு, வோல்ட் அளக்க வைத்த மல்டிமீட்டரை ஒரு பற்றரியின் இரு முனையிலும் இறுக்கிக் கட்டி அதே ஏற்றத்தில் ஏறுங்கள். ஒருவர் கூடவே நடந்து பார்க்கட்டும், நீங்கள் வீதியைப் பாருங்கள். மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். 10.5 வோல்ட்டுக்குக் கீழே விழுவதுதான் நோஞ்சான்.

மூன்றும் நன்றாக இருந்தால் வயர் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். கடற்காற்றில் பச்சை பூத்த முனை நன்றாகச் சுடும். சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டினால் போதும்.

மாற்றுவதானால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். லித்தியம் வாங்கினால் பழைய சார்ஜரைத் தயவுசெய்து தொடாதீர்கள்: அது 44 வோல்ட் வரை போகும், பெரும்பாலான 36 வோல்ட் லித்தியத்துக்கு 42தான் எல்லை. வீட்டுக்குள் தீப்பிடிக்கும் விஷயம் இது.