ஆக்டேவில் (அதிர்வெண் இரு மடங்காகும் இடத்தில்) திரும்பாத ஸ்வர வரிசை இருக்க முடியுமா?

இருக்கிறது. பெயர் பெற்றது போலன்-பியர்ஸ் வரிசை. ஜெர்மனியில் மைக்ரோவேவ் பொறியாளராக இருந்த ஹைன்ஸ் போலன் 1970களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். 1984-இல் அமெரிக்கரான ஜான் பியர்ஸும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

நமக்குப் பழக்கமான முறையில் ஸட்ஜமத்தின் அதிர்வெண் இரு மடங்கானதும் மேல் ஸட்ஜமம் வந்துவிடும். இங்கே மும்மடங்கானால்தான் வரிசை திரும்பும். அதாவது, மத்திய ஸ்தாயி ஸட்ஜமத்தில் தொடங்கினால் தாரஸ்தாயி பஞ்சமம்தான் அடுத்த தொடக்கம். அந்த இடைவெளியை 13 சமபடிகளாக வெட்டினால் ஒரு படி சுமார் 146 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு; பியானோவில் அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு இடையே 100 சென்ட்தான்). எட்டாவது படி ஆக்டேவுக்குச் சுமார் 30 சென்ட் கீழேயே நின்றுவிடும், ஒன்பதாவது அதைத் தாண்டிப் போய்விடும்.

சரி, ஏன் மூன்று? ஒற்றைப்படை எண்களை மட்டும் நம்பிய அமைப்பு இது. அதிர்வெண்கள் 3:5:7 விகிதத்தில் அமைந்த கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்கள்) 6-வது, 10-வது படிகளில் கிட்டத்தட்ட துல்லியமாக உட்காருகிறது. அதனால்தான் கிளாரினெட் இதற்கு அவ்வளவு பொருந்துகிறது: அதன் கீழ் ஸ்வரங்களில் ஒற்றைப்படை மேற்சுரங்களே (அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கு ஒலிகள்) ஓங்கி ஒலிக்கும். டொரன்டோவில் ஸ்டீபன் ஃபாக்ஸ் இந்த வரிசைக்கென்றே கிளாரினெட்டுகள் செய்திருக்கிறார். முதன்முதலில் கேட்பவர்கள் அதில் கேளுங்கள். வயலினில் இரட்டைப்படை மேற்சுரங்களும் வலுவாக இருப்பதால் கார்டுகள் அவ்வளவு தெளிவாகச் சேராது.