அக்காகிட்ட கேளுங்க: பெங்களூர்ல தனியா தங்கணும், எங்க ரூம் போடறது?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, ஊரு குடியாத்தம் பக்கம். கம்பெனில அடுத்த மாசம் 5 நாள் டிரெய்னிங்குக்கு பெங்களூர் அனுப்பறாங்க, ஒயிட்ஃபீல்டுல ஐடிபிஎல்னு ஐடி பார்க் பக்கத்துல ஆபீஸு. தங்கற இடம் நீயே பாத்துக்கோ, பில்லு குடுத்தா காசு தர்றோம்னுட்டாங்க. அப்பா மெஜஸ்டிக்ல லாட்ஜ் போடு, ஸ்டேஷன் எதிர்லயே இருக்கும்ங்கறாரு. அம்மா கெங்கேரில சித்தி வீட்டுக்கு போங்கறாங்க. ஆயா போவவே வாணாம்னு ஒரே பிடிவாதம். நான் யார் பேச்ச கேக்கறது?

பதில்: ஆயா பேச்ச மட்டும் இந்த ஒரு தடவ கேக்காதம்மா. மத்த ரெண்டு பேரும் உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா ரெண்டு பேருமே எடத்த பாக்கறாங்களே தவிர நேரத்த பாக்கல. நீ போய் எறங்கறது எத்தன மணிக்கு, டெய்லி ஆபீஸ் முடிஞ்சு ரூமுக்கு திரும்பறது எத்தன மணிக்கு, அந்த நேரத்துல ஸ்டேஷன்லருந்து ரூம் வாசல் வரைக்கும் அந்த தெரு எப்படி இருக்கும், இத மொதல்ல பாரு. ஏரியாவோட பேரு, ரூம் போட்டோ, ஆஃபர் எல்லாம் அப்புறம்.

அப்பா சொல்ற மெஜஸ்டிக் அவர் காலத்து கணக்கு, அப்ப ரயிலோ பஸ்ஸோ எதுல போனாலும் அங்கதான் கொண்டு போய் விடும். ராத்திரி 9 மணிக்கு அந்த பஸ் ஸ்டாண்ட் சுத்துப்பக்கம் நம்ம குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா கூட்டம் மாதிரி இருக்கும், அதுல பொட்டிய இழுத்துக்கினு லாட்ஜ் லாட்ஜா போர்டு பாத்துக்கினு நிக்கறது தேவையா? அதுவும் இல்லாம நம்ம பக்கத்து ரயில் மெஜஸ்டிக் போறதுக்கு முன்னாடியே கே.ஆர்.புரத்துல நிக்கும், ஒயிட்ஃபீல்டு போறவ அத தாண்டி மெஜஸ்டிக் வரைக்கும் போயிட்டு மறுபடி திரும்பி வர்றதுல அர்த்தமே இல்ல. காட்பாடில காலைல பிருந்தாவன் ஏறிடு, மத்தியானத்துக்குள்ள எறங்கிடலாம். சாயந்திரம் லால்பாக்ல போனா ராத்திரி ஆயிடும், புது ஊர்ல மொத நாளே அது வாணாம். கே.ஆர்.புரம் ஸ்டேஷன் பக்கத்துலயே மெட்ரோ இருக்கு, பர்ப்பிள் லைன். 2023 அக்டோபர்லருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் முழு லைனும் ஓடுது, ஐடிபிஎல்லுக்கு பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷன்ல எறங்கணும்.

சித்தி வீடு? கெங்கேரியும் அதே லைன்தான், ஆனா இன்னொரு கோடி. அந்த லைனோட நீளமே 43 கிலோமீட்டருக்கு மேல. டெய்லி போக வர ரயில்லயே ரெண்டு மணி நேரத்துக்கு மேல போயிடும், டிரெய்னிங் 7 மணிக்கு முடிஞ்சா நீ வீடு சேர 9 ஆவும், சித்தி சோத்த மூடி வெச்சுட்டு வாசல்லயே நிப்பாங்க. ஞாயித்துக்கெழம போய் சாப்ட்டுட்டு வா, போதும். ஆனா சித்தி நம்பர ஹோட்டல் ரிஜிஸ்டர்ல லோக்கல் கான்டாக்ட்னு எழுதி குடு, இந்த ஊர்ல இவளுக்கு ஆள் இருக்குன்னு தெரியட்டும்.

என்ன கேட்டா அல்சூர் இல்லனா இந்திராநகர் சிஎம்எச் ரோடு பக்கம் பாருன்னுதான் சொல்வேன். ஒயிட்ஃபீல்டுலயே தங்கினா ஆபீஸ் பக்கம்தான், ஆனா மெயின் ரோட்ட விட்டு உள்ள போனா பல தெருவுல ரெண்டு பக்கமும் நீளமா காம்பவுண்டு சுவரு, கடை கண்ணி இருக்காது, மேப்ல 5 நிமிஷ நடைன்னு காட்டறது இருட்டினா வேற மாதிரி இருக்கும். அல்சூர்ல ஹோட்டலு, மெடிக்கலு, பூக்கடைன்னு ராத்திரியும் ஆள் நடமாட்டம் இருக்கு, தமிழ்லயே பேசிக்கலாம், அதே பர்ப்பிள் லைன்தான், கே.ஆர்.புரத்துலருந்து வரவும் ஆபீஸ் போவவும் நேரா ஒரே ரயில். இந்திராநகர்ல 100 அடி ரோட்டு பக்கம் மட்டும் போவாத, பப்பு நெறைய, வீக்கெண்ட்ல தூக்கம் வராது. (நம்மூர் ஆதார காட்டி அங்க பஸ்ல ஃப்ரீயா ஏறிடாத, அது கர்நாடகா அட்ரஸ் இருக்கறவங்களுக்கு மட்டும்தான்.)

ரெண்டு மூணு எடம் பாத்து வெச்சுக்கோ, காசு கட்டறதுக்கு முன்னாடி போன் போடு, அதுவும் ராத்திரி 10 மணிக்கு மேல போடு. யார் எடுக்கறாங்க, எப்படி பேசறாங்கன்னு அதுலயே பாதி தெரிஞ்சிடும். லேடி ஒருத்தர் தனியா வர்றாங்க, ராத்திரி ரிசப்ஷன்ல ஆள் இருக்குமா, அதே பில்டிங்ல பார் இருக்கா, ரூம் எந்த மாடின்னு கேளு. கிரவுண்ட் ஃப்ளோர் வாணாம். தனியாவா, எதுக்கு வர்றாங்கன்னு இழுத்தான்னா போன வெச்சுட்டு அடுத்த எடத்துக்கு போடு. ரிவ்யூ பாக்கறப்ப புதுசா போட்டத மட்டும், அதுலயும் பொம்பளைங்க எழுதினத படி.

ரூமுக்குள்ள போனதும் ரூம் காட்ட வந்த பையன் இருக்கறப்பவே, கதவ தெறந்தே வெச்சுக்கினு எல்லாத்தையும் பாத்துடு. உள்தாழ்ப்பா போட்டு இழுத்து பாரு, ஸ்குரூ ஆடுதா, பாத்ரூம் ஜன்னல் மூடுதா, பக்கத்து ரூமுக்கு நடுக்கதவு ஏதாவது இருக்கா. இருந்தா வேற ரூம் கேளு, கூச்சப்படாத, காசு குடுக்கறது நீ. மொதல்ல ஒரு ராத்திரிக்கு மட்டும் புக் பண்ணு, புடிச்சா மீதி நாளைக்கு நீட்டிக்கலாம்.

கேள்வி: பொண்ணுக்கு சென்னைல எக்ஸாம், ஒரு ராத்திரி தங்கணும். நான் கூட போவ முடியாது. நம்பிக்கையா எடம் சொல்லுங்க. (ராணிப்பேட்டை அம்மா)

பதில்: எழும்பூர் பக்கத்துல பூந்தமல்லி ஹைரோட்ல ஒய்டபிள்யூசிஏ கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, சென்ட்ரலும் பக்கம், எழும்பூரும் பக்கம், மொதல்ல அத கேட்டு பாருங்க. தமிழ்நாடு அரசோட தோழி விடுதியும் இருக்கு, அடையாறு, கூடுவாஞ்சேரின்னு. வேலைக்கு போற பொண்ணுங்களுக்காக கட்டினதுதான், ஆனா நாள் கணக்குலயும் ரூம் தர்றாங்க, ஆன்லைன்ல முன்னாடியே போட்டுடுங்க. எக்ஸாம் சென்டர் எங்கன்னு ஹால் டிக்கெட்ல பாத்துட்டு எது கிட்டன்னு முடிவு பண்ணுங்க. தனியார் லேடீஸ் ஹாஸ்டல்னா 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கணும், காட்ட சொல்லி கேளுங்க, மழுப்பினா வேற பாருங்க. பொண்ணு போன்ல காவல் உதவி ஆப் போட்டு குடுங்க, அவசர உதவிக்கு 112ம், பெண்கள் ஹெல்ப்லைன் 181ம் மனப்பாடமா தெரியட்டும்.

கேள்வி: ஆன்லைன்ல காசு கட்டி புக் பண்ணிட்டு போனா, தனியா வர்ற பொம்பளைக்கு ரூம் தர மாட்டோம்னு ஒரு லாட்ஜ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அப்படி சட்டம் இருக்கா? (ஆரணி வாசகி)

பதில்: அப்படி ஒரு சட்டமும் கெடையாது. 18 வயசு ஆயிடுச்சு, ஐடி கையில இருக்குன்னா தனியா தங்கலாம். அங்கயே நின்னு புக்கிங் ஆப்போட கஸ்டமர் கேருக்கு போன் போடுங்க, வேற ரூம் குடு இல்ல முழு காச திருப்பி குடுன்னு கேளுங்க, மறுத்தத மெசேஜ்ல எழுதி வாங்குங்க. சரி வரலன்னா 1915, நுகர்வோர் ஹெல்ப்லைன். ஐடிக்கு ஆதார் குடுக்கறப்ப கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார டவுன்லோடு பண்ணி குடுங்க, முழு நம்பரோட ஜெராக்ஸ் அவங்க டிராயர்ல கெடக்க வாணாம்.