ஈரக் காற்றின் மேல் பழி போடாதீர்கள்: மின்னூட்டம் கேள்வி-பதில்

கே: உருண்டைகள் இரண்டு, ஒன்றில் 2 மைக்ரோகூலும் மின்னூட்டம், மற்றதில் 3 மைக்ரோகூலும். இடைவெளி 5 செ.மீ. எனக்கு விசை 0.00216 நியூட்டன் வருகிறது, விடைக்குறிப்பில் 21.6. எது சரி? (தொடக்கக் கல்லூரி மாணவர், ஈசூன்)

ப: விடைக்குறிப்புதான். 5 செ.மீ.யை 5 மீட்டராகப் போட்டுவிட்டீர்கள். நூறு மடங்குப் பிழை, வர்க்கம் எடுத்ததும் பத்தாயிரம் மடங்காகிவிட்டது. விசைச் சூத்திரத்தில் வரும் 9 × 10⁹ என்ற எண், மீட்டருக்கும் கூலுமுக்கும் (மின்னூட்டத்தின் அலகு) மட்டுமே பொருந்தும். எண்ணைப் போடும் முன் அலகை மாற்றுங்கள். கேள்வி தயாரித்தவருக்கும் ஒரு வார்த்தை: ஒரு செ.மீ. ஆரமுள்ள உருண்டை, காற்றில் 0.03 மைக்ரோகூலுமுக்கு மேல் தாங்காது, பொறி பறந்துவிடும். 2 மைக்ரோகூலும் கேள்வித்தாளில் மட்டும்தான் நிற்கும்.

கே: இரண்டு பொருள்கள் ஈர்த்துக்கொண்டால் இரண்டிலும் மின்னூட்டம் உண்டு என்று எழுதலாமா?

ப: கூடாது. மின்னூட்டமுள்ள பலூன் வெறும் சுவரிலும் ஒட்டும். விலக்கல்தான் சாட்சி.

கே: பிவிசி குழாயைக் கம்பளியில் தேய்த்தும் காகிதத் துண்டுகள் அசையவில்லை. "சிங்கப்பூரின் ஈரக் காற்று மின்னூட்டத்தைக் கடத்திவிடும், இங்கே இந்தச் சோதனை நடக்காது" என்கிறார் துணைப்பாட ஆசிரியர். (உயர்நிலை மூன்று மாணவி, புக்கிட் பாத்தோக்)

ப: இந்த வாக்கியத்தை எத்தனை முறை மறுத்தாலும் திரும்பி வருகிறது. ஈரக் காற்று நல்ல கடத்தி அன்று. காற்றில் பொறி பறக்க சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போல வேண்டும். ஈரப்பதம் கூடினால் அந்த எண் சற்று ஏறுமே தவிர இறங்காது. ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்: ஆண்டில் நூற்றைம்பது நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. காற்றே கடத்திவிடும் என்றால் மேகத்தில் மின்னூட்டம் எப்படிச் சேர்கிறது?

மின்னூட்டம் ஓடுவது குழாயின் மேற்பரப்பு வழியாக. ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் இடத்தில் எந்தப் பொருள்மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். விரல் வியர்வையின் உப்பு அதில் கரைந்தால் படலமே கம்பியாகிவிடும். ஆகவே வைத்தியம் மேற்பரப்புக்கு.

குழாயைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நன்றாக அலசி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கைக்குப் போடும் கிருமிநாசினி ஜெல் வேண்டாம். பெரும்பாலும் அதில் கிளிசரின் இருக்கும், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துணி மென்மையாக்கி போட்டுத் துவைத்த கம்பளியும் அதே காரணத்தால் ஆகாது. ஏர்கான் அறையில் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் வையுங்கள். தேய்க்கும் முன் குழாய், துணி இரண்டையும் முடியுலர்த்தியால் வெதுவெதுப்பாக்குங்கள். பிவிசி இளகும் அளவுக்குப் போக வேண்டாம். சோதனையையும் அதே அறையில் செய்யுங்கள். குளிர்ந்த குழாயைத் தாழ்வாரத்துக்கு எடுத்து வந்தால், மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல அதன்மேல் நீர் பூத்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். பிடிக்கும் முனை தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. உருண்டையைத் தொங்கவிடுவதானால் பருத்தி நூல் ஈரம் குடிக்கும்; தூண்டிலுக்குப் போடும் நைலான் இழை வாங்குங்கள்.

கே: கணினிக்கு ரேம் மாற்ற, உடம்பின் மின்னூட்டத்தைப் பூமிக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டை வாங்கினேன். அதிலுள்ள 1 மெகாஓம் மின்தடையை நீக்கிவிட்டு நேரடிக் கம்பி போடலாமா? (உட்லண்ட்ஸ்)

ப: வேண்டவே வேண்டாம். தவறி 230 வோல்ட் கம்பியில் கை பட்டால், அந்தத் தடை பட்டை வழி ஓடும் மின்னோட்டத்தைக் கால் மில்லி ஆம்பியருக்குள் அடக்கும். அது இல்லையென்றால் பட்டையே உங்களைப் பூமியோடு கட்டிப்போட்டுவிடும். உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் அந்தத் தடை வழியாகவும் ஒரு மில்லி வினாடிக்குள் பெரும்பாலும் வழிந்துவிடும். பட்டை தோலில் படட்டும், சட்டைக் கைமேல் அல்ல. நமக்குச் சுரீரென்று தைக்க 3,000 வோல்ட் வேண்டும். சில கணினிச் சில்லுகள் நூறு வோல்ட்டிலேயே போய்விடும்.

கே: உலோக உருண்டையைக் கோலால் தொடாமலே மின்னூட்டும் தூண்டல் முறைக் கேள்வியில் "பூமியிலிருந்து புரோட்டான்கள் ஏறின" என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது.

ப: போக வேண்டியதுதான். உலோகத்தில் நகர்வது எலெக்ட்ரான். எதிர்மின் கோலை அருகே கொண்டுவந்து, உருண்டைக்குப் பூமி இணைப்புக் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் கீழே இறங்கும். முதலில் பூமி இணைப்பை எடுங்கள், பிறகுதான் கோலை. வரிசை மாறினால் இறங்கியவை ஏறிவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. உருண்டையின் தாங்கியையும் துடைத்து உலர்த்துங்கள்.

கே: ஒரு கூலும் சிறிய அளவுதானே?

ப: ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலும் இங்கே, ஒரு கூலும் அங்கே: விசை 900 கோடி நியூட்டன், ஏறக்குறைய ஒன்பது லட்சம் டன்னின் எடை. சீப்பில் சேர்வதை நானோகூலுமில் எண்ண வேண்டும்.

கே: என் மின்காட்டி (மின்னூட்டம் வந்தால் மெல்லிய உலோக இலை விரிந்து காட்டும் கருவி) வேலை செய்யவில்லை. ஏன்?

ப: இவ்வளவுதான் கடிதம். இலை விரியவே இல்லையா, விரிந்து மெல்லச் சரிகிறதா? விரியவே இல்லையென்றால் பெரும்பாலும் கோலில் மின்னூட்டம் இல்லை. சரிந்தால் தண்டைத் தாங்கும் அடைப்பானில் ஈரம் அல்லது விரல்தடம். மேலே சொன்னபடி துடைத்து உலர்த்துங்கள். அடுத்த முறை எது நடந்தது என்று எழுதுங்கள்.