பாரிங்டன் எழுதாத புத்தகம்

அன்புள்ள சார்,

சிட்னியில் பத்து வருடமாக வசிக்கிறேன். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்த கைதிக் கப்பல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தக் காலத்துப் புத்தகங்களைச் சேர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் ஜார்ஜ் பாரிங்டன் என்ற கைதியின் பயண நூல் இருக்கிறது. 1795இல் வந்த பதிப்பாம். கைதியே எழுதியது என்பதால் விலை அதிகம் என்கிறார். வாங்கலாமா? இந்தச் சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாங்கலாம். ஆனால் ‘கைதியே எழுதியது’ என்பதற்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள். அதை பாரிங்டன் எழுதவில்லை.

ஆள் நிஜம்தான். லண்டனில் பேர்போன ஜேப்படித் திருடன். 1775இல் நாடகக் கொட்டகையில் ரஷ்யப் பிரபு ஓர்லோவின் வைரம் பதித்த மூக்குப்பொடி டப்பாவில் கைவைத்து மாட்டிக்கொண்டவன். 1790இல் ஏழு வருட நாடுகடத்தல் தண்டனை விதித்து, மறுவருடம் கப்பலேற்றினார்கள். போன இடத்தில், சிட்னிக்குப் பக்கத்துப் பாராமட்டாவில், கான்ஸ்டபிள் ஆகிவிட்டான்! லண்டன் பதிப்பாளர்களுக்கு இது போதாதா? ஜான் ஹண்டர் என்ற கப்பல் தளபதி 1793இல் வெளியிட்ட பெரிய நூலிலிருந்து பக்கம் பக்கமாக உருவி, பாரிங்டன் தலையில் கட்டிவிட்டார்கள். ஜேப்படிக்காரன் பெயரில் ஜேப்படி.

இப்படி ஒரு போலி ஏன் விலைபோனது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 1787 மே மாதம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய முதல் அணியில் 11 கப்பல்கள், 700க்கும் மேற்பட்ட கைதிகள். ஆனால் லண்டனில் அச்சான நூல்களை எழுதியவர்கள் யார்? வாட்கின் டென்ச் கடற்படை வீரர்களின் அதிகாரி. ஜான் வைட் மருத்துவர். டேவிட் காலின்ஸ் நீதி அதிகாரி. ஹண்டர் கப்பல் தளபதி. கீழ்த்தட்டில் அடைபட்டு வந்தவர்களின் குரல் எதிலும் இல்லை. வாசகன் அதைக் கேட்டான், கடைக்காரன் செய்துகொடுத்தான். அதனால்தான் வாங்குங்கள் என்கிறேன். என் அலமாரியில் அசல்களுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கொடுப்பேன்.

கைதியின் கை நிஜமாகவே பட்ட புத்தகம் ஒன்று உண்டு. 1802இல் சிட்னியில் அச்சான அரசு ஆணைகளின் தொகுப்பு. ஆஸ்திரேலியாவில் அச்சான முதல் புத்தகமே அதுதான். அச்சிட்ட ஜார்ஜ் ஹவ் திருட்டுக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டவர். எழுத்துக் கோத்தது கைதி, எழுத்தெல்லாம் கவர்னருடையது. அதை நீங்களோ நானோ வாங்கும் கதை நடக்காது, விடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் படியுங்கள். டென்ச்சின் இரண்டு நூல்களும் குட்டன்பர்க் ஆஸ்திரேலியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கரையிறங்கிய ஒன்றரை வருடத்துக்குள் அவருடைய முதல் நூல் லண்டனில் வந்து, அதே 1789இல் மூன்று பதிப்பு கண்டது. மற்றவர்கள் அறிக்கை எழுதும்போது இவர் மட்டும் கதை சொல்கிறார்.

வாங்கும்போது படங்களை எண்ணுங்கள். வைட்டின் 1790 நூலில் 65 படத்தாள்கள் இருக்கவேண்டும். பறவை, பாம்பு, செடி என்று அழகழகான படங்கள். அதுதான் வினையே. பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு விற்றால் தனிக்காசு. ஒருமுறை எனக்குக் காட்டிய பிரதியில் தோல் அட்டை பளபளவென்றிருந்தது. உள்ளே எண்ணினால் ஒன்பது படம் குறைந்தது. விற்பவர், “அட்டையைப் பாருங்க சார், அட்டையை” என்றார்.

அப்புறம், தாள் வெளுப்பாக இருக்கிறதே, போலிப் பதிப்போ என்று உடனே பயந்துவிட வேண்டாம். அந்தக் காலத்துக் காகிதம் கந்தல் துணியில் செய்தது. 200 வருடம் தாண்டியும் விறைப்பாக நிற்கும். நம்மூரில் 1960களில் வந்த நாவல்களைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. ஆங்கில எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் போலத் தெரியும், அதுவும் சில பக்கங்களில் பழகிவிடும்.

பாரிங்டன் பெயரில் ஆண்டே போடாத மலிவுப் பதிப்புகளும் உலவுகின்றன. பணம் கொடுப்பதற்கு முன் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அடியில் இருக்கும் பதிப்பாளர் பெயரும் தெரியட்டும்.