பழைய உடை வாங்கும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செகண்ட் ஹேண்ட் உடைகளை ஆசையாக வாங்குகிறேன். வாங்கும்போது புதிதுபோல இருப்பது, நாலு துவையலில் கிழிந்துவிடுகிறது. எதைப் பார்க்கத் தவறுகிறேன்?

பதில்: உடம்பு உரசும் இடங்களை. துணி எப்போதும் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். சட்டையில் காலர் மடிப்பு, அக்குள், முழங்கை, கைப்பட்டி ஓரம். பேன்ட்டில் உள்தொடை, உட்காரும் இடம், முழங்கால், பாக்கெட் வாய். இந்த இடங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் உள்ளே கைபேசி டார்ச்சை வையுங்கள். சுற்றியுள்ள துணியைவிட அங்கே அதிக வெளிச்சம் தெரிந்தால் நூல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டை இன்னும் விழவில்லை, அவ்வளவுதான்.

ஜீன்ஸில் உள்தொடை தேய்ந்திருந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் வாங்குகிறார்கள். தேய்ந்த இடத்தின் அளவுக்கே ஒட்டு வைத்தால் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும். எல்லாப் பக்கமும் 2 செ.மீ. தாண்டி, திடமான துணியில் தையல் உட்கார வேண்டும். அந்த அளவுக்கு நல்ல துணி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்ட்ரெச் துணிக்கு வேறு சோதனை. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குச் சுருங்க வேண்டும். அலை அலையாகத் தொங்கினாலோ, மேலே மயிரிழைபோல வெள்ளை நூல் முனைகள் எட்டிப் பார்த்தாலோ உள்ளே இருக்கும் லைக்ரா இழை அறுந்துவிட்டது. அதை எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது. இடுப்பு எலாஸ்டிக் அப்படியல்ல. இழுக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அது செத்துவிட்டது, ஆனால் உருவிவிட்டுப் புதிது கோத்துவிடலாம்.

கடைசியாகத் தையல். தையலின் இரு பக்கமும் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நூல் மட்டும் விட்டிருந்தால் பத்து நிமிட வேலை. தையல் ஓரத்தில் துணியின் இழைகளே விலகிக் கண் கண்ணாகத் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஜிப் கெட்டிருந்தால் வாங்கலாமா?

பதில்: எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரன்னரை மூன்று முறை முழுதாக ஏற்றி இறக்குங்கள். இறுக்கமாக ஓடினால் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். பூட்டிய பிறகும் பற்கள் பிரிந்துகொண்டால் ரன்னர் அகன்றிருக்கிறது. உலோக ரன்னராக இருந்தால் அதன் இரு ஓரத்தையும் குறட்டால் துளித்துளியாக அழுத்திப் பார்க்கலாம். ஒரேயடியாக அழுத்தினால் உடைந்துவிடும். நடுவில் ஒரு பல் போயிருந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். பேன்ட்டுக்குப் பரவாயில்லை. லைனிங் வைத்த ஜாக்கெட்டில் உள்துணியையும் பிரித்துத் தைக்க வேண்டியிருப்பதால், கூலி உடையின் விலையையே தாண்டக்கூடும்.

கேள்வி: போட்டுப் பார்க்க முடியாத இடத்தில் அளவை எப்படித் தீர்மானிப்பது?

பதில்: லேபிளில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துவைத்துச் சுருங்கியது அதில் தெரியாது. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோளிலிருந்து தோள், மொத்த நீளம், கை நீளம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்ச் டேப்போடு போங்கள். விரித்து அளக்கும்போது 1 செ.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் 2 செ.மீ. என்பதை மறக்க வேண்டாம்.

தோள் அளவு சரியாக இருக்கட்டும், அதில் மட்டும் சமரசம் வேண்டாம். பக்கத்தைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் சுலபம். தோளைக் குறைக்க இரண்டு கையையும் கழற்றித் தைக்க வேண்டும். பெரிதாக்க வேண்டுமானால் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். முன்துணி, பின்துணி இரண்டிலும் 1 செ.மீ. வீதம் இரு பக்கத் தையலையும் பிரித்துவிட்டால் சுற்றளவில் 4 செ.மீ. கிடைக்கும். ஆனால் வெளிறிய துணியில் பழைய தையல் இருந்த இடம் கருங்கோடாகத் தெரியும். பட்டிலும் தோலிலும் ஊசித் துளை மறையவே மறையாது.

கேள்வி: மூட்டைப்பூச்சியோ சொறி சிரங்கோ வந்துவிடுமோ என்று பயம். துவைத்தால் போதுமா?

பதில்: இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சொறியை உண்டாக்கும் நுண்ணுண்ணி மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக 2, 3 நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. உடையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டால் பயமில்லை.

மூட்டைப்பூச்சியிடம் இது பலிக்காது. இரத்தம் குடிக்காமலே பல மாதம் தாக்குப்பிடிக்கும். அதற்குச் சூடுதான் வழி: 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், அல்லது டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரமாவது சுழலவிட வேண்டும். சூடு தாங்காத துணியைப் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 4 நாள் வையுங்கள். வெயிலில் காயப்போடுவதை மட்டும் நம்ப முடியாது. மடிப்புக்குள் சூடு ஏறாது. வாங்கும்போதே காலரின் அடிப்பக்கம், பாக்கெட் மூலை, உள்தையல் ஆகியவற்றில் மைப்புள்ளி போன்ற கறுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: கைக்குழந்தைக்கு வாங்கிய பழைய உடைகளில் அந்துருண்டை வாசனை. ஒருமுறை துவைத்துப் போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். அந்துருண்டை பல நேரம் நாப்தலீன் கொண்டு செய்யப்படுகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறை இருப்பது பல குடும்பங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே சிசுவுக்கு அந்த வாசனை பட்ட துணியே வேண்டாம், போர்வை உட்பட. இப்படி வந்ததைப் பெரியவர்களுக்கு வேண்டுமானால் பல நாள் காற்றோட்டத்தில் விரித்துப்போட்டு, பிறகு துவைத்துப் பயன்படுத்தலாம்.

குழந்தை உடையில் இன்னொன்று: கழுத்திலும் தலைமூடியிலும் இருக்கும் நாடாக்களை உருவி எறிந்துவிடுங்கள், எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். பட்டன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து மறுபடி தையுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் கறை. ப்ளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகிறதே?

பதில்: குளோரின் ப்ளீச் அப்படித்தான் செய்யும். வியர்வையும், வியர்வையைத் தடுக்கும் பூச்சில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து படிந்த கறை இது. ஆக்ஸிஜன் ப்ளீச் பவுடரைப் பொட்டலத்தில் சொன்ன அளவு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். பருத்திக்கு மட்டும்; கம்பளிக்கும் பட்டுக்கும் கூடாது. கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். தொட்டால் அந்த இடம் அட்டைபோல விறைப்பாக இருந்தால் வாங்காமல் விடுவதே மேல்.

கேள்வி: பளபளப்பான செயற்கைத் தோல் ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் மேல் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, அலமாரியில் சும்மா கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் சிதையும். காலரிலும் முழங்கையிலும் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். பிசுபிசுத்தாலோ பொடி ஒட்டினாலோ சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். அதற்கு மருந்தில்லை.